ஐடி சட்டம்: எந்தச் செய்தியை நம்புவது, எந்தக் கருத்தரங்குக்குப் போவது?

#1 சிவில்பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நான் நடத்துவது பெரும்பாலும் ஒப்பந்த வழக்குகளும் சொத்து வழக்குகளும்தான். ஆனால் இப்போது எந்த வழக்குக் கட்டைப் பிரித்தாலும் உள்ளே வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல், ஏதோ ஒரு செயலியின் பதிவு என்று இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனித்துறை, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒதுங்கியிருக்க முடியவில்லை.

பிரச்சினை என்னவென்றால் செய்தி கொட்டுகிறது. தினமும் மின்னஞ்சலில் நான்கு செய்திமடல் வருகிறது. ‘தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது’ என்று ஒன்று, ‘செயற்கை நுண்ணறிவுச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றப்போகிறது’ என்று இன்னொன்று. வாரத்துக்கு ஒரு கருத்தரங்கு அழைப்பு வேறு. எல்லாவற்றிலும் அதே தலைப்பு, பெரும்பாலும் அதே பேச்சாளர்கள். ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் நீதிமன்றத்தில் பயன்படுகிற மாதிரி கையில் ஒன்றும் இருப்பதில்லை.

இந்தத் துறையிலேயே இருப்பவர்கள் சொல்லுங்கள். எதைப் படிக்கிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள்? எந்த மாதிரி நிகழ்ச்சிக்கு நேரம் ஒதுக்கலாம்?

#2 பழையகட்டு

நல்ல கேள்வி சார். முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஐடி சட்டச் செய்தியில் நான் முதலில் தேடுவது தேதி. சட்டம் நிறைவேறிய தேதி வேறு, அரசிதழில் வந்த தேதி வேறு, நம் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தத் தொடங்கும் தேதி வேறு. இந்தத் துறையில் இவற்றுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுகிறது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2023 ஆகஸ்ட் 11. ‘இன்று முதல் 250 கோடி ரூபாய் வரை அபராதம்’ என்கிற தொனியில் அப்போதே எழுதிவிட்டார்கள். ஆனால் விதிகள் வந்தது 2025 நவம்பரில்தான். அப்போதும் மொத்தமாக அமலுக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பிரிவுகள் உடனே, ஒப்புதல் மேலாளர் (தனிநபர் தன் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உதவும் அமைப்பு) பதிவு ஓராண்டு கழித்து, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து என்று மூன்று படிகளாகப் பிரித்தார்கள். இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. 2000 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிற 43ஏ பிரிவை நீக்குகிற உட்பிரிவும் அந்தப் பதினெட்டு மாதப் பட்டியலில்தான் இருக்கிறது. அதாவது அதுவரை 43ஏ பிரிவுக்கும் அதன் கீழ் வந்த 2011 ஆம் ஆண்டு விதிகளுக்கும் உயிர் உண்டு. ‘43ஏ போய்விட்டது’ என்று 2023 லேயே கட்சிக்காரருக்கு எழுதிக்கொடுத்தவர்கள் தவறான ஆலோசனை கொடுத்திருக்கிறார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் முழுமையாக ரத்து செய்தது 2015 மார்ச் 24 அன்று. நாடே பேசிய தீர்ப்பு. அதன் பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்புங்கள் என்று 2019 இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதுவும் போதாமல், இந்தப் பிரிவில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஏழரை ஆண்டு. இடையில் எத்தனை பேர் ஜாமீனுக்கு அலைந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். முதல் விசாரணையிலேயே ஒரு வக்கீல் எழுந்து ‘இந்தப் பிரிவே சட்டத்தில் இல்லை’ என்று சொல்லியிருந்தால் பலருக்கு அது அன்றே முடிந்திருக்கும்.

அதனால் செய்திமடலை நான் மணி அடிக்கும் கருவியாக மட்டும் வைத்திருக்கிறேன். மணி அடித்ததும் அரசிதழையும் தீர்ப்பின் முழு உரையையும் திறந்துவிடுவேன். சுருக்கத்தை வைத்து ஆலோசனை எழுதுவதில்லை.

#3 வர்த்தமானி

இலங்கையில் சட்டத்தரணியாக இருக்கிறேன். பழையகட்டு ஐயா சொன்ன அதே கதைதான் இங்கேயும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்று எதிர்பார்த்து நிறுவனங்கள் எல்லாம் பயிற்சி நடத்தின. கடைசி நேரத்தில் அந்தத் திகதியை மீளப்பெற்றுவிட்டார்கள். பிறகு சட்டத்துக்கே திருத்தம் வந்தது. வர்த்தமானி (அரசிதழ்) பார்க்காதவர்கள் பழைய திகதியை வைத்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சர்வதேச ஒப்பந்தங்களிலும் இதே கவனம் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் சைபர் குற்ற ஒப்பந்தத்தைப் பொதுச் சபை 2024 டிசம்பர் 24 அன்று ஏற்றுக்கொண்டது, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறந்தார்கள். ஆனால் 40 நாடுகள் உறுதிப்படுத்திய பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். வெளிநாட்டு சேவையகத்தில் இருந்து சாட்சியம் எடுக்க வேண்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருக்க வேண்டும். எங்கள் நாடு 2015 இலேயே சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் சாசனத்தில் சேர்ந்துவிட்டது. இந்தியா அதில் இல்லை. ஒரே மாதிரி வழக்காக இருந்தாலும் தரவைக் கேட்கும் வழி இரண்டு நாட்டிலும் வேறு வேறு.

#4 ஹேஷ்பார்ப்பவர்

நான் வக்கீல் இல்லை. டிஜிட்டல் தடயவியல் ஆய்வு என் வேலை, சாட்சிக் கூண்டில் நிற்பதும் உண்டு. தேதி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வக்கீல்கள் சட்டத்தை மட்டுமே படித்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதே இல்லை.

பிரிட்டன் தபால் நிலைய ஹொரைசன் விவகாரத்தை எல்லோரும் செய்தியாகப் படித்திருப்பீர்கள். தயவுசெய்து சட்டப் பாடமாக ஒருமுறை படியுங்கள். 1999 இல் இருந்து கிளைத் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. அதை நம்பி, கிளை நடத்தியவர்கள் மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை விற்றார்கள்.

இதன் பின்னால் ஒரு சட்ட மாற்றம் இருக்கிறது. 1984 ஆம் ஆண்டுக் காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69 ஆம் பிரிவு அங்கே இருந்தவரை, கணினி ஆவணத்தைச் சாட்சியமாக வைப்பவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும். அது பெரிய தொந்தரவு என்று 1999 இல் இயற்றிய சட்டம் அதை நீக்கியது. அதற்குப் பிறகு, மாறாகக் காட்டும்வரை கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். சரி, மாறாக எப்படிக் காட்டுவது? பிழைப் பதிவு யாரிடம் இருக்கிறது? வழக்குப் போட்டவரிடமும் மென்பொருள் நிறுவனத்திடமும். குற்றம் சாட்டப்பட்டவர் கையில் ஒரு அச்சுத்தாள் மட்டும்.

555 பேர் சேர்ந்து போட்ட சிவில் வழக்கில்தான் கதவு திறந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்தன, கிளைக் கணக்குக்குள் கிளைக்காரருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து நுழைந்து மாற்ற முடிந்தது என்று 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டு மற்றவர்களின் தண்டனையையும் நீக்க வேண்டியதாயிற்று.

அத்தனை ஆண்டும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மிக எளியவை. இந்த எண்ணை எந்தப் பதிவிலிருந்து எடுத்தீர்கள்? அந்தப் பதிவை யார் யார் மாற்ற முடியும்? மாற்றினால் தடம் இருக்குமா? இதே பிழையை வேறு யாராவது புகார் செய்திருக்கிறார்களா, அந்தப் பட்டியல் எங்கே? கேட்டவர்களுக்கும் பல நேரம் பதில் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான வழக்குகளில் கேட்கவே இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கும் பேரம்தான் நடந்தது.

ஆகவே எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்றால், மேடையில் ஒரு பொறியாளராவது இருந்து, வக்கீல்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிற இடத்துக்குப் போங்கள்.

#5 முதல்வாய்தா

சீனியர்களுக்கு வணக்கம். வக்கீலாகப் பதிவு செய்து சில மாதம்தான் ஆகிறது. தீர்ப்பின் முழு உரையைப் படியுங்கள் என்கிறீர்கள், 200 பக்கத் தீர்ப்பு வாரத்துக்கு மூன்று வந்தால் என்ன செய்வது? என் அலுவலகத்தில் எல்லோரும் ஏஐ கருவியில் போட்டுச் சுருக்கம் எடுக்கிறார்கள். அதுவும் தவறா?

#6 பழையகட்டு

தம்பி, சுருக்கம் எடுப்பது தவறில்லை. எந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று தேடிக்கொள்ள அது உதவும். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து மனுவில் போடும்போதுதான் ஆபத்து.

மாட்டா எதிர் ஏவியாங்கா என்ற நியூயார்க் வழக்கைப் படி. விமானத்தில் காயம்பட்ட ஒருவரின் சாதாரண இழப்பீட்டு வழக்கு. அவர் தரப்பு வக்கீல் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்தார். எதிர்த்தரப்பு தேடினால் அப்படி வழக்குகளே இல்லை. வக்கீல் அந்தக் கருவியிடமே ‘இது உண்மையான வழக்கா’ என்று கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. நீதிபதி கேஸ்டல் 2023 ஜூன் 22 அன்று 5,000 டாலர் அபராதம் விதித்தார். தொகையை விட முக்கியம், கருவியைப் பயன்படுத்தியதற்காக அவர் தண்டிக்கவில்லை. இல்லாத தீர்ப்பு என்று சந்தேகம் எழுந்த பிறகும் வக்கீல்கள் அதையே பிடித்துக்கொண்டு நின்றதுதான் அவரைக் கடுமையாக்கியது.

இரண்டாண்டு கழித்து, 2025 ஜூன் 6 அன்று, இங்கிலாந்து உயர் நீதிமன்றம் இதே பிரச்சினையில் இரண்டு வழக்குகளைச் சேர்த்து எடுத்தது. ஒன்றில் 45 முன்தீர்ப்புகள் காட்டப்பட்டிருந்தன, 18 இல்லவே இல்லாதவை. அங்கே ஆராய்ச்சி செய்தவர் கட்சிக்காரர், வக்கீல் அதைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்துவிட்டார். தீர்ப்பு சொல்வது இளையவர்களுக்கு மட்டுமில்லை. அலுவலகத்தை நடத்துகிறவர்கள், வழக்கறிஞர் அமைப்புகள் எல்லோரும் இதற்கான ஏற்பாடு செய்ய வேண்டும், வெறும் அறிவுரை போதாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. உன் அலுவலகத்தில் இதற்கு எழுதிய விதி இருக்கிறதா என்று சீனியரிடம் கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

200 பக்கம் என்று பயப்படாதே. சட்டக் கேள்வி எந்தப் பத்தியில் தொடங்குகிறது, கடைசி உத்தரவு என்ன, மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அதில் என்ன. இந்த மூன்றையும் உன் கண்ணால் படி.

#7 தீவுகவுன்சல்

சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் உள் சட்டப் பிரிவில் இருக்கிறேன். ஹேஷ்பார்ப்பவர் சொன்னதை சிவில் பக்கத்துக்கும் இழுக்கிறேன், ஏனென்றால் இழையைத் தொடங்கியவர் ஒப்பந்த வழக்குக்காரர்.

குவோயின் எதிர் பி2சி2, எங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் கொடுத்த தீர்ப்பு. 2017 ஏப்ரலில் குவோயின் நடத்திய கிரிப்டோ சந்தைத் தளத்தில் கோளாறு ஏற்பட்டு, வெளிச்சந்தை விலை வருவது நின்றுபோனது. அந்த நேரத்தில் பி2சி2 நிறுவனத்தின் தானியங்கி நிரல் சந்தை விலையைப் போல சுமார் 250 மடங்கு விலைக்கு ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை விற்றுவிட்டது. மறுநாள் தளம் அந்த வியாபாரத்தைத் தானே ரத்து செய்தது. வியாபாரத்தை ரத்து செய்ய முடியாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று பி2சி2 வழக்குப் போட்டது.

ஒப்பந்தச் சட்டத்தில் எல்லோரும் படித்த பழைய கேள்விதான். ஒரு தரப்பின் தவறு மறுதரப்புக்குத் தெரிந்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் இங்கே பேரம் பேசியது இரண்டு நிரல்கள். நிரலுக்கு என்ன தெரியும்? பெரும்பான்மை நீதிபதிகள் நிரலை எழுதியவரின் மனநிலையைப் பார்த்தார்கள். எழுதிய நேரத்திலிருந்து வியாபாரம் நடந்த நேரம் வரை, இப்படி ஒரு விலைக்கு வேறு யாராவது தவறான நம்பிக்கையில்தான் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று ஆராய்ந்து, இல்லை என்று பி2சி2 பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு நீதிபதி மாறுபட்டார். விவரம் தெரிந்த மனிதர் அந்தச் சூழ்நிலையைப் பார்த்தால் உடனே பிழை என்று சொல்லியிருப்பார், அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனக்கு இன்றைக்கும் மாறுபட்ட தீர்ப்புதான் வலுவாகத் தெரிகிறது. தானே கற்றுக்கொள்ளும் நிரல்கள் வந்த பிறகு எழுதியவரின் மனதைத் தேடி எங்கே போவது? அந்த வழக்கில் இருந்த நிரல், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வெளியீடு தருகிற வகை. பெரும்பான்மைத் தீர்ப்பே அதைக் குறிப்பிட்டுத்தான் பேசுகிறது. அதனால் இதை எல்லா ஏஐக்கும் நீட்டிக்கக் கூடாது.

கனடாவில் 2024 பிப்ரவரியில் ஒரு சிறு தீர்ப்பாயம் ஏர் கனடாவுக்கு எதிராகச் சொன்னதையும் இதோடு படியுங்கள். இணையதளத்தில் இருந்த சாட்பாட், துக்கப் பயணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்கிற பாணியில் நிறுவனம் வாதிட்டது. தன் தளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் முடித்துவிட்டது. ஆயிரம் டாலர்கூட இல்லாத தொகை. ஆனாலும் ஒப்பந்த வக்கீல் ஒருவர் தன் கட்சிக்காரரின் இணையதளத்தை உடனே போய்ப் பார்க்க வைக்கிற தீர்ப்பு.

#8 சிவில்பக்கம்

நான் கேட்டதை விட நிறையவே கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. குவோயின் தீர்ப்பை இன்றே எடுத்துவைக்கிறேன். இரண்டாவது பாதிக்கு வருவோம். ஹேஷ்பார்ப்பவர் சொல்கிற மாதிரி நிகழ்ச்சி எங்கே நடக்கிறது? எனக்கு வரும் அழைப்பில் எல்லாம் ‘சவால்களும் வாய்ப்புகளும்’ என்றுதான் இருக்கிறது.

#9 நேர்எதிர்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். நிகழ்ச்சிகளே தேவையில்லை. தீர்ப்பு இணையத்தில் இருக்கிறது, அரசிதழ் இணையத்தில் இருக்கிறது. ஒரு நாள் கருத்தரங்கில் செலவிடும் நேரத்தில் ஐரோப்பாவின் ஷ்ரெம்ஸ் தீர்ப்புகள் இரண்டையும் முழுமையாகப் படித்துவிடலாம். அந்த இரண்டையும் படித்தவருக்கு நாடு கடந்து தரவு அனுப்புவது பற்றி எந்த மேடைப் பேச்சும் தேவைப்படாது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு அனுப்ப இருந்த முதல் ஏற்பாடு 2015 அக்டோபரில் விழுந்தது, 2020 ஜூலை 16 அன்று இரண்டாவது விழுந்தது. ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு எதிராக ஷ்ரெம்ஸ் என்ற ஒரு சட்ட மாணவர் தொடங்கிய புகார் இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அவர் மூல ஆவணங்களைப் படித்ததுதான். மேடையில் உட்கார்பவர்களில் பாதிப்பேர் தங்கள் அலுவலகத்துக்கு வேலை பிடிக்க வருகிறார்கள். பணம் கொடுத்துப் பேச்சாளர் ஆகும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. இளைய வக்கீல்களின் நேரத்தை அதில் வீணாக்கச் சொல்லாதீர்கள்.

#10 தீவுகவுன்சல்

நேர்எதிர், பணம் கொடுத்து மேடை ஏறுவது பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அழைப்பிதழில் ஆதரவு நிறுவனத்தின் பெயரும் பேச்சாளரின் நிறுவனமும் ஒன்றாகவே இருந்தால் நான் போவதில்லை.

ஆனால் படித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று இருக்கிறது, நெருக்கடியில் முடிவெடுப்பது. தரவு கசிந்தால் ஐரோப்பாவில் அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 33 ஆம் உறுப்பின்படி 72 மணி நேரத்தில் மேற்பார்வை அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி 6 மணி நேரம். இரண்டையும் யாரும் இரண்டு நிமிடத்தில் மனப்பாடம் செய்யலாம். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். இரவு இரண்டு மணிக்குத் தொழில்நுட்பப் பிரிவு ‘ஏதோ சரியில்லை’ என்று சொன்னபோதா, காலையில் உறுதிசெய்தபோதா? எவ்வளவு போனது என்று தெரியாமல் என்ன எழுதுவது? ஊழியர்களுக்கு எப்போது சொல்வது?

இதற்கு ஒத்திகை நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒரு கற்பனை நிறுவனம், அரைமணிக்கு ஒருமுறை புதுத் தகவல் ஒன்றைக் கொடுப்பார்கள். பாதித் தகவல் பிறகு பொய்யாகிவிடும். வக்கீல், பொறியாளர், தகவல் தொடர்பு ஆள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அடுத்த கடிதத்தை எழுத வேண்டும். அந்த அனுபவம் எந்தத் தீர்ப்பிலும் கிடைக்காது. தனியுரிமை வல்லுநர்களின் சங்கமான ஐஏபிபி நடத்தும் மாநாடுகள், இங்கே நடக்கும் டெக்லா ஃபெஸ்ட், தொழில்நுட்ப வக்கீல்களின் ஐடெக்லா கூட்டங்கள் எதுவாக இருந்தாலும் நிகழ்ச்சி நிரலில் நான் முதலில் தேடுவது இந்த மாதிரிப் பட்டறையைத்தான். பெரிய மேடைப் பேச்சைப் பிறகு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம்.

#11 பயிற்சிக்கூடம்

நான் வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி நடத்துகிறேன், அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மின்னணுச் சாட்சியம் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் வரலாற்றில் தொடங்குவார்கள். மின்னணு ஆவணத்தோடு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படியான சான்றிதழ் கட்டாயம் என்று 2014 அன்வர் தீர்ப்பு சொன்னது, 2018 இல் ஷஃபி முகமது அதைத் தளர்த்தியது, 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு மறுபடியும் இறுக்கியது. இதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். கேட்பவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டு திருப்தியாகப் போவார்கள். அப்புறம் சான்றிதழை நிரப்ப உட்காரும்போதுதான் கை நிற்கும்.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்துவிட்டது. அதன் 63 ஆம் பிரிவில் சான்றிதழுக்கு அட்டவணையில் படிவமே இருக்கிறது. முதல் பகுதியைத் தரப்பினரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். சாதனத்தின் விவரம், ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி, அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்), அது எந்த முறையில் எடுத்தது எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஆகவே நான் இப்போது வரலாற்றைக் கையேட்டில் கொடுத்துவிடுகிறேன். ஆளுக்கொரு மடிக்கணினி, ஒரு பென் டிரைவ், ஒரு வெற்றுப் படிவம். நீங்களே ஹேஷ் எடுங்கள், நீங்களே நிரப்புங்கள். நிரப்பியதை வைத்துப் பக்கத்து மேசைக்காரர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்.

நீண்ட அனுபவமுள்ளவர்கள்கூட ‘இந்தச் சாதனம் அப்போது யார் கட்டுப்பாட்டில் இருந்தது’ என்ற கேள்வியில் திணறுகிறார்கள். ஒரே போனைக் குடும்பமே பயன்படுத்துவது, பழைய போனை மாற்றியது, அலுவலகக் கணக்கை மூன்று பேர் திறப்பது, இதெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறது. இளையவர்கள் படிவத்தை வேகமாக நிரப்புகிறார்கள், மூத்தவர்கள் கேள்வியை நன்றாகக் கேட்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் அன்றைய வகுப்பு தானே நடந்துவிடும்.

சிவில்பக்கம் சார், அழைப்பு வந்தால் ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பங்கேற்பவர்கள் அங்கே என்ன செய்வார்கள்? ‘கேட்பார்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் முடிவு உங்களுடையது. உங்கள் சங்கத்திலேயே பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு தடயவியல் ஆளை அழைத்து இதை நீங்களே நடத்தலாம். மண்டபமும் மாலையும் தேவையில்லை, ஒரு நூலக அறை போதும்.

#12 வர்த்தமானி

பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ஒரு தகவல். ஐக்கிய நாடுகளின் இணைய ஆளுகை மன்றம் 2006 முதல் ஆண்டுதோறும் கூடுகிறது. பதிவுக் கட்டணம் இல்லை, இணையவழியிலும் கலந்துகொள்ளலாம். அமர்வுகளின் எழுத்துப் பதிவையும் வெளியிடுகிறார்கள். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் கூட்டங்களும் அப்படியே, ஆண்டுக்கு மூன்று முறை. டொமைன் பெயர்த் தகராறு நடத்துபவர்கள் 1999 இல் வந்த அந்த அமைப்பின் தீர்வுக் கொள்கை எப்படி மாறப்போகிறது என்பதை அங்கேதான் முதலில் கேட்கலாம். சைபர் குற்றப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஐரோப்பிய கவுன்சிலின் ஆக்டபஸ் மாநாடு. அங்கே அரச வழக்குத்தொடுநர்கள் எல்லை தாண்டிய சாட்சியம் எடுக்கும்போது படும் சிரமத்தை வெளிப்படையாகப் பேசுவார்கள்.

இவை எதிலும் சான்றிதழ் பெரிதாக மதிக்கப்படாது. ஆனால் சட்டம் எழுதப்படுவதற்கு முன் நடக்கும் வாதத்தைக் கேட்கலாம். ஒரு விதியின் சொற்கள் ஏன் அப்படி அமைந்தன என்று பிறகு நீதிமன்றத்தில் விளக்க அது உதவும்.

#13 முதல்வாய்தா

பயிற்சிக்கூடம் மேடம், ஹேஷ்பார்ப்பவர் சார், ஒரு நடைமுறைச் சந்தேகம். கட்சிக்காரர் போனிலிருந்து வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து எனக்கு அனுப்பினார். ஹேஷ் எடுத்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து அதே உரையாடலை மறுபடியும் ஏற்றுமதி செய்யச் சொன்னேன், ஹேஷ் வேறாக வருகிறது. யாரோ திருத்திவிட்டதாக அர்த்தமா? எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது?

#14 ஹேஷ்பார்ப்பவர்

திருத்தம் என்று அர்த்தமில்லை. ஹேஷ் என்பது அந்தக் கோப்பின் ஒவ்வொரு பிட்டையும் வைத்துக் கணக்கிடுவது. இரண்டாம் முறை ஏற்றுமதி செய்தால் அது புதுக் கோப்பு. இடையில் ஒரு செய்தி கூடுதலாக வந்திருந்தாலே போதும், மதிப்பு முழுக்க மாறிவிடும். செய்தி எதுவும் வராவிட்டாலும், ஜிப் கோப்பாக இருந்தால் உருவான நேரம் உள்ளே பதிவாகிவிடும், அதுவே மதிப்பை மாற்றப் போதும்.

ஒரே கோப்பை அப்படியே நகலெடுத்தால் ஹேஷ் மாறாது. பெயரை மாற்றினாலும் மாறாது. வேர்டில் திறந்து சேமித்தால் மாறலாம். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும், எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாம் போய்விடும். அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் அசல் அப்படியே வரும். உங்கள் கட்சிக்காரர் எப்படி அனுப்பினார் என்று முதலில் கேளுங்கள்.

முதல் ஏற்றுமதிக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். எந்தப் போன், எந்தச் செயலிப் பதிப்பு, எந்த நாள், எந்த மணி, யார் ஏற்றுமதி செய்தார், யார் கையில் வந்தது, ஹேஷ் எந்த முறையில் எடுத்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். ஷா256 என்ற ஹேஷ் முறையைப் பயன்படுத்துங்கள், எம்டி5 என்ற பழைய முறை மட்டும் போதாது, ஒரே மதிப்பு வரும்படி இரண்டு வேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்க முடியும் என்று எப்போதோ காட்டிவிட்டார்கள். இரண்டாவது ஏற்றுமதியை அழிக்க வேண்டாம், அதற்கும் தனியாகக் குறிப்பு எழுதுங்கள். எதிர்த்தரப்பு கேட்டால் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டலாம். உரை ஒன்றாக இருந்து பொதி மட்டும் வேறு என்றால் அது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் போன். அதைக் கட்சிக்காரர் விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும் என்று இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.